வட்டு முழுவதையும் அழி

எனக்கு ஒரு நிறுவனத்தின் மேல் பகை. அது எந்த ஊரில் இருக்கிறது என்பதை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கணினிகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. அதன் முதலாளிகளுக்கு நான் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் என் பகை இவ்வளவு நாள் நீடித்திருக்காது என்று நினைக்கிறேன். எதிராளி ஒரு வார்த்தை திருப்பித் திட்டினால் பாதிக் கோபம் அடங்கிவிடும். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத பகை உள்ளேயே கிடந்து புளிக்கும்.

நான் அரசுக் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பொம்மிடியில் ஒரு தனியார் பள்ளியில் முதல்வராக இருக்க அழைத்தார்கள். போனேன். பள்ளியில் புதிதாகக் கணினி அறை அமைத்தார்கள். கணினிகளைக் கொடுத்தவர் கடைவீதியில் கடை வைத்திருந்த ஒரு பாய். ஊரில் எந்தக் கணினி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு அதிகம். தன் வேலையைப் பற்றிய பெருமையும் அதிகம்.

கணினிகளை இறக்கிய அன்று அவர் கேட்டார்.

"சார், ஒரிஜினல் போடட்டுங்களா, சாதா போடட்டுங்களா?"

"என்ன வித்தியாசம் பாய்?"

"ஒரிஜினலுக்குத் தனியாக் காசு கட்டணுங்க. சாதான்னா நம்ம கையில இருக்கிற சிடிதான். சேலம் வரைக்கும் சாதாதான் ஓடுது. ஓடற ஓட்டத்துல ஒரு வித்தியாசமும் இல்ல."

"சாதாவே போடுங்க. பிள்ளைங்க கத்துக்கத்தானே."

இதைச் சொன்னது நான். பிறகு பல இடங்களில் இந்த உரையாடலை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான்.

அறையின் திறப்பு விழாவுக்குப் பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தாளாளர், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், மாம்பழ மண்டிக்காரர்கள், மரவள்ளி போடுகிற விவசாயிகள். அன்று காலைதான் இணைய இணைப்பு வந்திருந்தது. ஒரு கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, நேர்மையும் அறிவும் பற்றி நான் ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்கக் கறுத்திருந்தது. மூலையில் ஆங்கிலத்தில் சில வரிகள். இந்த நகல் உண்மையானதல்ல, நீங்கள் போலிச் சரக்குக்குப் பலியாகியிருக்கலாம் என்று பொருள்.

முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "என்னாங்க போட்டிருக்குது?"

பக்கத்தில் இருந்தவர் மண்டிக்காரர். கொஞ்சம் படித்தவர். "திருட்டு மாலுன்னு போட்டிருக்குதுங்க."

"பள்ளிக்கூடத்துலயா?"

"வாத்தியாருதான வாங்கினாரு. அவரைக் கேளுங்க."

சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு இல்லை. வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. வகுப்பில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி மேசைமேல் இருந்த பூச்செண்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளர் என் காதருகில் வந்து, "யார் சார் இதை வாங்கச் சொன்னது?" என்று கேட்டார். "கடைக்காரர் ஏமாத்திட்டாருங்க" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் கடல் தாண்டி இருந்தார். மற்றவர் கடைவீதியில் இருந்தார்.

கடல் தாண்டியவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. எத்தனையோ ஆண்டுகள் தங்கள் சரக்கு இந்த நாட்டின் சந்து பொந்துகளில் காசில்லாமல் நகலாகிப் போவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் இல்லை. ஊரே அதில் பழகட்டும், பள்ளிக்கூடம் பழகட்டும், அலுவலகம் பழகட்டும், வேறொன்றைத் தொடக் கை கூசட்டும் என்று விட்டுவைத்தார்கள். பழகி முடிந்ததும் திரையைக் கறுப்பாக்கி, நீ திருடன் என்று ஊர்முன் எழுதிக் காட்டினார்கள். சாராயக் கடைக்காரன்கூட ஓசியில் ஊற்றிப் பழக்கியவனைத் தெருவில் நிறுத்தித் திருடன் என்று சொல்லமாட்டான்.

கட்டற்ற மென்பொருளைப் பற்றி அப்போதுதான் படிக்கத் தொடங்கினேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உலகமெங்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, பூட்டுப் போடாமல் வைத்திருக்கிற ஓர் இயங்குதளம். கணக்கு படித்தவனுக்கு இது புதிதல்ல. ஒரு தேற்றத்தை நிரூபித்தவன் அதற்கு வாடகை கேட்பதில்லை. இதையெல்லாம் பின்னாளில் மேடைகளில் உருக்கமாகப் பேசினேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அந்த முதல் மாதங்களில் என்னை இழுத்தது இந்தத் தத்துவம் இல்லை. அந்த நிறுவனத்துக்குப் பிடிக்காத ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது என் கைக்கு எட்டுகிறது என்பதுதான் என்னை இழுத்தது. கையில் கல் கிடைத்தவன் அது மாணிக்கமா கூழாங்கல்லா என்று பார்ப்பதில்லை.

கோடை விடுமுறையில் பள்ளிக் கணினிகள் எல்லாவற்றிலும் அந்த நிறுவனத்தின் இயங்குதளத்தை நீக்கிவிட்டு, கட்டற்ற இயங்குதளத்தை நானே நிறுவுவது என்று முடிவு செய்தேன். பாயை இனிப் பள்ளி வாசலுக்குள் விடக்கூடாது என்று காவலாளியிடமும் சொல்லி வைத்தேன்.

இங்கே ஒரு தமிழாசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தியவர். வீடு அரூர்ப் பக்கம். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். சந்தையில் பேரம் பேசும்போது ஆட்கள் எப்படி ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவுகிறார்கள் என்பது ஆராய்ச்சி. பல ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் சித்தேரி மலைக்குப் பேருந்து ஏறிப் போய், மலைச்சனங்கள் புளியும் சாமையும் தேனும் விற்கிற இடங்களில் கைப்பேசியில் பதிவு செய்து வருவார். கைப்பேசி நிறைந்துவிடும். வீட்டில் கணினி இல்லை. அதனால் பள்ளிக் கணினி ஒன்றில் ஏற்றி வைத்துவிட்டு, கைப்பேசியைக் காலி செய்துகொண்டு மறுபடி போவார். மதிய இடைவேளையில் அந்தக் கணினி முன் உட்கார்ந்து, கேட்டு எழுதுவார்.

ஒரு பதிவை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கீழிருந்து போன வியாபாரிகள் இரண்டு பேர் தங்களுக்குள் தெலுங்கில் கிசுகிசுக்கிறார்கள். இன்னும் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டாலும் கொடுத்துவிடலாம், நல்ல புளி என்கிறார்கள். புளி விற்கிற மலைக்காரப் பெரியம்மா தமிழில் நிதானமாகச் சொல்கிறார்: "பத்து ரூவா சேத்துக் குடுத்துட்டு எடுத்துக்கோ சாமி." வியாபாரி திகைக்கிறார். "உனக்குத் தெலுங்கு தெரியுமா ஆயா?" "தெலுங்கு எனக்கெதுக்கு? பத்து மட்டும் தெரியும்." ஆசிரியை இதைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பெரியம்மா அடுத்த மழைக்காலத்துக்குள் இறந்துபோனதாகப் பிறகு சொன்னார்.

விடுமுறைக்கு முன் அவர் என் அறைக்கு வந்தார்.

"சார், கம்ப்யூட்டரெல்லாம் மாத்தப் போறீங்கன்னாங்க. என்னோட ஆடியோ மொத்தமும் அதுலதான் இருக்குது."

"எங்கம்மா போட்டு வெச்சிருக்கீங்க?"

"டி டிரைவ்லதான் சார்."

"அப்புறம் என்ன. டி-க்கு என்ன ஆகப்போகுது?"

நம் ஊரில் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கணினி மந்தமானால் கடைக்காரரைக் கூப்பிடுவோம். அவர் வந்து 'ஃபார்மேட் அடித்து'விட்டுப் போவார். அப்போது சி என்ற பகுதிதான் அழியும். டி அப்படியே இருக்கும். அதனால் கல்யாணப் படம், பத்திர நகல், பிள்ளையின் பிறந்தநாள் எல்லாவற்றையும் டி-யில் போட்டு வைப்போம். சி என்பது வாசல், டி என்பது பூசையறை. இரண்டும் கணினிக்குள் இருக்கிற ஒரே வட்டின், ஹார்ட் டிஸ்க்கின், இரண்டு பாகங்கள் என்பதும், நடுவில் இருப்பது சுவர் இல்லை, வெறும் கோடு என்பதும் யாருக்கும் உறைத்ததில்லை. எந்த ஊரில் கேட்டாலும் டி-யில் இருந்தால் பத்திரம் என்பார்கள். எல்லைக்கோடு வரைந்து பாடம் நடத்திய எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மே மாதம். அறையில் மின்விசிறி மட்டும். கோடை மின்வெட்டு வேறு. பென்டிரைவில் புதிய இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்தேன். நிறுவத் தொடங்கியதும் திரையில் ஒரு கேள்வி வரும். ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தின் பக்கத்திலேயே நிறுவட்டுமா, அல்லது வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?

அந்தப் 'பக்கத்திலேயே' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. அவனோடு ஒரே வட்டில் பாதியைப் பகிர்ந்துகொண்டு குடியிருப்பதா? திறப்பு விழாவில் என்னைத் திருடன் என்றவனை ஒரு மூலையில் வைத்து மரியாதை செய்வதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்னின்ன பகுதிகள் அழிக்கப்படும் என்று ஒரு பட்டியல் வந்தது. படிக்காமல் தொடரச் சொன்னேன். ஒவ்வொரு கணினியிலும் அந்தப் பொத்தானை அழுத்தும்போது ஒரு சுகம் இருந்தது. நாவில் வெல்லம் வைத்ததுபோல என்று சொன்னால் மிகையில்லை. ஆசிரியையின் கணினியில் அழுத்தும்போதும் அதே சுகம்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஆசிரியை மதிய இடைவேளையில் கணினியைத் திறந்தார். திறந்துவிட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன்.

"சார், டி எங்க சார்?"

போய்ப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கணிதத்தில் ஒரு நிரூபணத்தின் நடுவில் பிழை தெரிகிற கணம் உண்டு, மேலே எழுதிய எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் சரியும். அதுபோல. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது.

"அந்தக் கடைக்காரர் போட்ட டூப்ளிகேட்டுல வைரஸ்மா. நான் திறக்கும்போதே டி காலியாத்தான் இருந்தது."

"அத்தனையுமா சார்?"

"அத்தனையும். திருட்டு மாலுன்னா இப்படித்தான்."

அவர் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைவீதிக்குப் போனார். அங்கே நடந்ததை எங்கள் அலுவலகப் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் முன், பாயின் வீட்டார் முன், இவர் பேசிய பேச்சைக் கேட்டு எதிர்த்த கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்களாம். "பள்ளிக்கூடத்துக்கே திருட்டு மாலு விக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வேற பொழப்பு கெடைக்கலையா" என்று கேட்டாராம். பிறகு இன்னும் கேட்கக்கூடாத சிலவற்றையும் கேட்டாராம். பாய் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எனக்கு அதைக் கேட்டபோது பயம் குறைந்தது. அது மட்டுமில்லை, கொஞ்சம் திருப்தியும் வந்தது. எட்டாதவன் மேல் விழவேண்டிய அடி எட்டுகிறவன் முதுகில் விழுந்தது. யாரோ ஒருவன் மேல் விழுந்ததே என்று இருந்தது.

மறுநாள் பாய் பள்ளிக்கு வந்தார். காவலாளி நிறுத்திவிட்டான். நான் வாசலுக்குப் போனேன். கையில் ஒரு சிறு பெட்டி வைத்திருந்தார்.

"சார், நான் சண்டைக்கு வரலங்க. அந்த டிஸ்க்க மட்டும் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"அழிஞ்சது அப்படியே போயிடாதுங்க. மேல புதுசா எதுவும் எழுதாம இருந்தா, அடியில அப்படியே இருக்கும். எடுத்துக் குடுத்துடறேன். அந்த டீச்சரம்மா படிப்பு இல்லீங்களா அது."

"வைரஸ் அழிச்சதை எப்படிய்யா எடுப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "வைரஸ் அழிச்சாலும் எடுக்கலாம் சார். மனுசன் அழிச்சாலும் எடுக்கலாம். டிஸ்க்கு வேணும், அவ்வளவுதான்."

வட்டைக் கொடுத்தால் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். எப்போது, எதனால் அழிந்தது என்பதை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். "பள்ளிச் சொத்தை வெளியே கொடுக்க முடியாது" என்றேன். அவர் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் உள்ள வந்து பாக்கறேங்க. உங்க முன்னாடியே." "வேண்டாம் பாய். உங்க சகவாசமே வேண்டாம்." போய்விட்டார்.

டி-யை அழித்தது அறியாமையில் செய்த தவறு. அதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். பாய் போன பிறகு நான் செய்ததை இனி எழுதுகிறேன். மேல புதுசா எழுதாம இருந்தா என்று அவர் சொன்னது என் காதில் நின்றது. பொதுத் தேர்வுக்கான கல்விக் காணொளிகள் நிறைய என்னிடம் இருந்தன. கணினி அறைக்குப் போனேன். ஆசிரியையின் கணினியில் அவற்றை ஏற்றினேன். இடம் தீரும்வரை ஏற்றினேன். தீர்ந்ததும் அழித்தேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அறைக்குள் வந்த ஓர் ஆசிரியர், "என்ன சார், சேவையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "பிள்ளைங்களுக்காக" என்றேன். மாலைக்குள் அந்த வட்டில் புளி விற்ற பெரியம்மாவின் குரல் இருக்க வழியில்லாமல் செய்துவிட்டேன்.

அதன்பின் எனக்கு நல்ல காலம். பெரிய நிறுவனத்தை விரட்டிய பள்ளி என்று மாவட்டத்தில் பேசினார்கள். கல்லூரிகளில் பேச அழைத்தார்கள். டீக்கடையில் 'பெங்குவின் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள், அந்த இயங்குதளத்தின் சின்னம் அது என்பதால். "பெங்குவினுக்கு ஒரு டீ, ஐஸ் போட்டு" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நிறுவனத்தைப் பற்றி நான் பேசினால் பேச்சில் நெருப்பு இருக்கும். கேட்டவர்கள் அதைக் கொள்கை என்று நினைத்தார்கள்.

பாயின் கடைக்கு மற்றப் பள்ளிகள் போவதை நிறுத்தின. கடைவீதிக் கடையைக் காலி செய்துவிட்டு ரயில்வே கேட் பக்கம் ஒரு சிறு அறைக்குப் போனார். கைப்பேசி உறையும் சார்ஜரும் விற்றார். ஆசிரியையின் முனைவர் பட்டப் பதிவுக்காலம் முடிந்தது. கேட்டு எழுதிவைத்த சில பக்கங்களை வைத்து ஆய்வேட்டை முடிக்க முடியாது என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அரூரில் ஒரு கல்லூரியில் வேலை வருவதாக இருந்தது, பட்டம் இல்லாததால் வரவில்லை. எங்கள் பள்ளியிலேயே தொடர்ந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்பார். நான் பள்ளியை விட்டு விலகிய பிறகு, கொரோனாக் காலத்தில், என் மனைவிக்கு மூச்சுத் திணறியபோது தருமபுரி மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. என் வாயைத் திறக்க வைத்தது தருமபுரிக் கல்லூரி ஒன்றில் நடந்த கூட்டம். அங்கே வழக்கம்போல முழங்கினேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, அழிந்த வட்டிலிருந்து கோப்புகளை மீட்கிற ஒரு மென்பொருளைத் திரையில் செய்து காட்டினாள். அதுவும் கட்டற்ற மென்பொருள். யாரோ எழுதி, யாருக்கும் எடுத்துக்கொள்ளக் கொடுத்தது. அழித்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் திரும்பி வந்தன. எங்கேம்மா கற்றாய் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல சார், பொம்மிடி. ரயில்வே கேட்டாண்ட ஒரு பாய் கடை இருக்குது. ரொம்ப வருசமா இதை வெச்சுத்தான் எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கறாரு. 'நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே பெங்குவின் என் வூட்ல முட்டை போட்டுச்சு'ம்பாரு."

கூட்டம் சிரித்தது. ஊர் திரும்பும் பேருந்தில்தான் எனக்கு அது உறைத்தது. நான் எந்தப் படையின் கொடியைப் பிடித்துக்கொண்டு திரிந்தேனோ, அந்தப் படையின் ஆயுதத்தை எடுத்துக்கொண்டுதான் அவர் அன்று பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். நான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அந்த வாரமே ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமல் சொன்னேன். அழித்தது, பொய் சொன்னது, வட்டைக் கொடுக்க மறுத்தது, மறுபடி மறுபடி நிரப்பியது, எல்லாவற்றையும் வரிசையாக. அவர் பேனா மூடியைப் போட்டார்.

"பாய் கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா. முதல்ல உங்ககிட்ட."

"அவருகிட்டத்தான் சார் மொதல்ல போயிருக்கணும்." விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். "என் படிப்பு போச்சு, சரி. நான் அந்த மனுசனைப் பேசின பேச்சு இருக்குதே. அவங்க வூட்டம்மா உள்ள நின்னுகிட்டு இருந்தாங்க. நான் அவங்க சாதி சனம் வரைக்கும் இழுத்துப் பேசினேன் சார். நீங்க பேச வெச்சீங்க. உங்க கோவத்துக்கு என் வாயி கெடச்சுதா உங்களுக்கு?"

"தப்புதாம்மா."

"தப்புங்கறது இது இல்ல சார். கணக்குல வர்றதுதான் தப்பு. இதுக்கு வேற பேரு. கெளம்புங்க."

ரயில்வே கேட் பக்கம் போனேன். பாயின் சிறு கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. அந்த நிறுவனம் தன் பழைய இயங்குதளத்தைக் கைவிட்டிருந்தது. புதியது வேண்டுமானால் புதிய கணினி வேண்டும், உங்கள் கணினிக்குத் தகுதியில்லை என்று ஊரில் இருந்த நல்ல கணினிகளை எல்லாம் குப்பை என்றது. மண்டிக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், பள்ளிகள் என்று எல்லோரும் கணினியைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வந்திருந்தார்கள். இவர் வரிசையாகக் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருந்தார். நான் இத்தனை ஆண்டுகள் வேண்டிக்கொண்ட காட்சி அதுதான். எங்கள் ஊரில் ஒரு கடைக்குள் அந்த நிறுவனம் தோற்றுக்கொண்டிருந்தது. எனக்கு மகிழ்ச்சி வந்தது என்பதை மறைக்கமாட்டேன். அந்த இடத்தில், அந்த வேலையாக வந்தபோதும் வந்தது.

"வாங்க பெங்குவினு" என்றார் பாய். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"பாய், தனியா ஒரு வார்த்தை."

"தனியாத் திட்டு வாங்கலையே சார் நான். இங்கயே சொல்லுங்க."

சொன்னேன். மண்டிக்காரர் முன்னால், ஜெராக்ஸ் கடைக்காரர் முன்னால். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. முடித்ததும் அவர் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"டிஸ்க்கு குடுக்க மாட்டேன்னப்பவே தெரியும் சார். காவலாளி முன்னாடி அதை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். நீங்க நெறையப் படிச்சவரு. நான் சொன்னா யாரு கேப்பா?"

"மன்னிச்சுடுங்க பாய்."

"முடியாதுங்க." சத்தமில்லாமல் சொன்னார். "கடை போனதுகூடப் பரவால்ல. என் வூட்ல இருக்கறவங்க அதுக்கப்புறம் ஒரு வருசம் கடைவீதிப் பக்கமே போகல. அதை உங்களால டிஸ்க்குல எடுத்துக் குடுக்க முடியுமா? அந்த டீச்சரம்மாவை ஒருநாள் வூட்டுக்கு வரச்சொல்லுங்க. அவங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. நீங்க வரவேணாம்." அடுத்த கணினியை எடுத்து மேசையில் வைத்தார். "வழி விடுங்க சார், பின்னால ஆளு நிக்குது."

ஆசிரியை போனார். அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது இவ்வளவுதான்: ஆசிரியை பல்கலைக்கழகத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறார். சித்தேரிக்கு மறுபடி போகத் தொடங்கிவிட்டார். பதிவுகளின் ஒரு நகல் பாயின் கடையிலும் ஒரு நகல் பாயின் மகள் வீட்டிலும் இருக்கின்றன. சந்தைகள் மாறிவிட்டன, வியாபாரிகள் இப்போது கைப்பேசியில் விலை பார்த்துச் சொல்கிறார்கள், பேரத்தின் நீளம் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டாராம். பழைய பதிவுகள் இருந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கலாம் என்றாராம்.

போன மாதம் பொம்மிடி பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தோளில் பை, மலைக்குப் போகிற பேருந்துக்காக நின்றிருந்தார். பதிவு செய்கிற வேலையில் ஏதாவது உதவட்டுமா, கேட்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்."

"சும்மா உட்கார்ந்துதாம்மா இருக்கேன்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்." பேருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஆய்வேட்டுல முன்னாடி நன்றியுரை எழுதுவோமில்ல சார். நெறியாளர்லருந்து டைப் அடிச்சவங்க வரைக்கும் பேரு போட்டு. அதுல பாய் பேரு வரும். அந்தப் புளிக்கார ஆயா பேரு வரும். உங்க பேரும் வரும்."

"எனக்கு எதுக்கும்மா நன்றி?"

"நன்றின்னு போடமாட்டேன். இந்த ஆய்வு ஏன் இவ்வளவு தாமதமாச்சுன்னு ஒரு பத்தி எழுதப் போறேன். அதுல உங்க பேரு, நீங்க வகிச்ச பதவி, நீங்க என்ன செஞ்சீங்க, எல்லாம் வரும். நூலகத்துல வெப்பாங்க. இணையத்துலயும் போடுவாங்களாம், யாரு வேணாலும் எடுத்துப் படிக்கலாம். நீங்கதான சார் சொல்லுவீங்க, எல்லாம் திறந்து இருக்கணும்னு."

பேருந்து வந்தது. ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து என் பதிலுக்காகக் கீழே பார்த்தார்.

"போடுங்க" என்றேன்.

"உங்க அனுமதிய கேக்கல சார். தெரிஞ்சு வெச்சுக்குங்கன்னு சொன்னேன்."

பேருந்து புறப்பட்டுப் போனது. ஆய்வேடு முடிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதுவரை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தப் பத்தியை நான் படிக்க வேண்டும். நான் படிக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைப்பார்.